கரையருகே வந்த புயல் ஏன் வலுக்கிறது?

ஐப்பசி பிறந்து, வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருப்பதாகச் செய்தி வந்துவிட்டால் ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட் மண்டிகளில் பேச்சு மாறிவிடும். கடல் இங்கிருந்து கிழக்கே இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. இருந்தும் இரண்டு கேள்விகள் தவறாமல் எழும். புயல் எங்கே கரையேறும்? எவ்வளவு காற்று வரும்? முதல் கேள்விக்கு இன்று இரண்டு மூன்று நாள் முன்பே பெரும்பாலும் நம்பத்தக்க விடை கிடைத்துவிடுகிறது. இரண்டாவது கேள்வியில்தான் அறிவியல் இன்னும் தடுமாறுகிறது. முருங்கை போட்டவருக்கோ அந்த இரண்டாவது விடைதான் வேண்டும். முருங்கை மரம் மெத்தென்ற கட்டை. மழையில் நின்றுவிடும், காற்றில் கிளை கிளையாக ஒடிந்துவிடும்.

2018 நவம்பரில் வந்த கஜா புயலை எடுத்துக்கொள்வோம். நவம்பர் 10 அன்று வங்கக்கடலின் தென்கிழக்கில் தாழ்வு மண்டலமாகத் தொடங்கி, மறுநாளே புயலானது. பிறகு சில நாள் நடுக்கடலில் தயங்கித் தயங்கி நகர்ந்தது. கரையை நெருங்கும்போது சற்று வலுவிழந்து, மணிக்கு 80 முதல் 90 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் கரையேறும் என்றே முந்தைய நாள்களின் அறிக்கைகள் கூறின. நடந்தது வேறு. தீவிரப் புயலாக வலுப்பெற்று, நவம்பர் 16 நள்ளிரவு தாண்டி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே 110 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் அது தரையேறியது. அவ்வப்போது 130 கிலோமீட்டர் வேகத்தையும் எட்டியது. 85-க்கும் 115-க்கும் உள்ள இடைவெளி கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றலாம். காற்று ஒரு மரத்தைத் தள்ளும் விசை வேகத்தைவிட வெகு விரைவாகக் கூடும். இந்த இரண்டு வேகங்களுக்கு இடையே அது ஏறத்தாழ 1.8 மடங்காகிவிடுகிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்ததற்கு அந்த வேறுபாட்டிலும் பங்கு உண்டு.

அது கரையேறிய இடமும் ஒட்டன்சத்திரமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. அங்கிருந்து நேர் மேற்கே கோடு இழுத்தால் நம் ஊருக்குப் பக்கத்தில் வந்து முட்டும். கஜாவும் அந்த வழியாகத்தான் வந்தது. புதுக்கோட்டையைத் தாண்டி அன்று பகலில் திண்டுக்கல் வட்டாரத்துக்கு வந்தபோது கடற்கரையில் காட்டிய வேகத்தில் பெரும்பகுதி போயிருந்தது. மலைகளைத் தாண்டிக் கேரளம் வழியே அரபிக்கடலில் இறங்கியதும் மீண்டும் கொஞ்சம் வலுப்பெற்றது.

ஆக, கடலில் வலுக்கிறது, தரையில் தளர்கிறது, மறுபடி கடலைத் தொட்டதும் நிமிர்கிறது. புயலின் தீனி எங்கே இருக்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்ந்திருக்கிறது? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அதை உள்ளிருக்கும் தண்ணீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. எடுத்த வெப்பம் அழிந்துபோவதில்லை. நீராவிக்குள் மறைந்து கிடக்கிறது. அதனால்தான் இயற்பியலில் இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். அந்த ஆவி மீண்டும் நீர்த்துளியாகும்போது வாங்கிய வெப்பத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். இதன் அளவு சாதாரணமானதல்ல. ஒரு லிட்டர் தண்ணீரைப் பனிக்கட்டிக் குளிர்ச்சியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல், அதே ஒரு லிட்டரை ஆவியாக்க ஆகும்.

வங்கக்கடலை ஒரு பெரும் பானையாக நினைத்துக்கொள்ளலாம். மேற்பரப்பு 28, 29 பாகை செல்சியஸ் இருக்கும் கடலிலிருந்து காற்று ஈரத்தை உறிஞ்சி எடுக்கிறது. அந்த ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து மேகமாகும் இடத்தில், கடலிடம் வாங்கிய வெப்பம் வெளியே வருகிறது. பானையில் குளிர்ச்சி ஓரிடம், வெப்பம் போய்ச் சேருவது வேறிடம். புயலிலும் அப்படித்தான். கடலின் மேல் வாங்கியது பத்துக் கிலோமீட்டர் உயரம் வரையுள்ள மேகக் கோபுரங்களுக்குள் கொட்டப்படுகிறது.

வெப்பமான காற்று எடை குறைந்தது. காற்றழுத்தம் என்பது நம் தலைக்கு மேலுள்ள காற்றின் எடைதான். எனவே நடுவில் காற்றுத்தூண் சூடாகச் சூடாக, கடல்மட்டத்தில் அழுத்தம் இறங்குகிறது. சுற்றியுள்ள காற்று அந்தப் பள்ளத்தை நோக்கி ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் அது நேராக வர முடியாமல் வளைகிறது. மையத்தை நெருங்க நெருங்கச் சுழற்சி வேகம் கூடுகிறது. வேகமான காற்று கடலிலிருந்து இன்னும் அதிக ஈரத்தை எடுக்கும். அதிக ஈரம், அதிக வெப்பம், இன்னும் ஆழமான பள்ளம், இன்னும் வேகமான காற்று. புயலை வளர்ப்பது இந்தச் சங்கிலிதான். தரையேறியதும் ஈரம் வரும் வழி அடைபடுகிறது. மரமும் வீடும் மேடும் காற்றை உரசி வேகத்தைத் தின்கின்றன.

இப்படிச் சொன்னால், வெதுவெதுப்பான கடல் கிடைத்த ஒவ்வொரு தாழ்வுப் பகுதியும் புயலாக வேண்டும். ஆவதில்லை. மழையைக் கொட்டிவிட்டுக் கலைந்துபோவதே அதிகம். எது புயலாகும், எது கலையும் என்பதைத் தெரிந்துகொள்ள உள்ளே போய்ப் பார்ப்பதைவிட வேறு நல்ல வழி கிடையாது.

2010-இல் அட்லாண்டிக் கடலில் அமெரிக்க விஞ்ஞானிகள் அதைத்தான் செய்தார்கள். பிறந்த புயலைத் துரத்துவதே அதுவரை வழக்கம். அந்த ஆண்டு பிறக்குமா பிறக்காதா என்று தெரியாத மேகக் கூட்டங்களுக்குள்ளேயே நாள்தோறும் விமானங்களை அனுப்பினார்கள். நாசா நடத்திய ஆய்வும் தேசிய அறிவியல் அறக்கட்டளை நடத்திய ஆய்வும் ஒன்றோடொன்று ஒத்துழைத்தன. அவர்களுக்குக் கிடைத்த இரண்டு புயல்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். ஒன்று காஸ்டன். செப்டம்பர் தொடக்கத்தில் பெயர் பெற்று, உடனே தளர்ந்தது. கடல் சூடாகத்தான் இருந்தது. மீண்டும் எழும் என்று கணினிக் கணிப்புகள் கூறின. விமானங்கள் திரும்பத் திரும்பப் போய் அளந்தும் அது எழவேயில்லை. இன்னொன்று கார்ல். பல நாள் வெறும் மேகக் கூட்டமாகக் கரீபியக் கடலில் நகர்ந்துவிட்டு, செப்டம்பர் 14 அன்று புயலாகி, மெக்சிகோவை அடைவதற்குள் மிகக் கடும் சூறாவளியாக வளர்ந்துவிட்டது.

வேறுபாடு எங்கே இருந்தது? நடு உயரத்தில். காஸ்டனின் நடு அடுக்குகளில் வறண்ட காற்று புகுந்திருந்தது. மேலே ஒரு திசையிலும் கீழே வேறொரு திசையிலும் அடித்த காற்று அதன் தூணைச் சாய்த்துவிட்டதால், சுழற்சியின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றின்மேல் ஒன்று நிற்கவில்லை. உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் மாறுவதை நம் வானிலை ஆர்வலர்கள் காற்று முறிவு என்கிறார்கள். முறிவு அதிகமானால், நடுத்தூணில் சேர வேண்டிய வெப்பம் பக்கவாட்டில் சிதறிவிடும். வறண்ட காற்று உள்ளே நுழைய வழியும் கிடைக்கும். மேகத்தின் உச்சியைப் பார்க்கும் செயற்கைக்கோளுக்கு இந்த உள்காயம் எளிதில் தெரியாது. மேகத்தைக் கிழித்து இறங்கிய கருவிகளுக்குத்தான் தெரிந்தது.

அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விழுகுழல் என்று சொல்லலாம். ஒரு முழ நீளம்கூட இராத அட்டைக்குழல். தலையில் சிறு பாராசூட். உள்ளே அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் அளக்கும் உணரிகளும் ஒரு ஜி.பி.எஸ். கருவியும் இருக்கும். விமானத்தின் அடிவயிற்றிலுள்ள குழாய் வழியே அதைக் கீழே விடுவார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்துச் செல்கிறதோ அந்தப் பக்கமே அதுவும் போகும். தான் போகும் வழியை ஜி.பி.எஸ். மூலம் நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டே இறங்குவதால் காற்றின் வேகம் தெரிந்துவிடுகிறது. மூன்று கிலோமீட்டர் உயரத்திலிருந்து விட்டால் சில நிமிடத்தில் கடலில் விழுந்து அதன் வேலை முடிந்துவிடும். ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டுமே பயன்படும். 1997-இல் இந்த ஜி.பி.எஸ். வகை வந்த பிறகுதான் கண்சுவரில் காற்று மிக வேகமாக வீசுவது கடல்மட்டத்தில் அல்ல, சுமார் 500 மீட்டர் உயரத்தில் என்பது உறுதியானது. கண்சுவர் என்பது புயலின் அமைதியான நடுப்பகுதியான கண்ணைச் சுற்றி எழுந்து நிற்கும் மேக வளையம்.

புயலுக்குள் விமானம் போவதே ஒரு துணிச்சலில் தொடங்கியது. 1943 ஜூலை 27 அன்று அமெரிக்காவின் கால்வெஸ்டன் அருகே வந்த சூறாவளிக்குள் ஜோசப் டக்வொர்த் என்ற விமானப்படைப் பயிற்சியாளர் ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானத்தைச் செலுத்திக் கண்வரை போய்த் திரும்பினார். அதற்கு நூறாண்டு முன்பு இதே கேள்வியைக் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் வேறு விதமாக அணுகியிருந்தார். வங்கக்கடலில் புயலில் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகளைச் சேகரித்து, ஒரே நேரத்தில் எந்தக் கப்பல் எந்தத் திசைக் காற்றைக் கண்டது என்று தாளில் குறித்துக் குறித்துச் சுழலின் வடிவத்தைக் காட்டினார். மாலுமிகளுக்காக அவர் எழுதிய நூல் 1848-இல் வந்தது. புயல் ஆராய்ச்சியின் தொடக்க காலக் களங்களில் நம் கடலும் ஒன்று என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை.

இனி திடீரென வலுக்கும் விஷயத்துக்கு வருவோம். ஒரே நாளில் காற்றின் வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேல் கூடினால் அதை விரைவு வலுப்பெறல் என்று வகைப்படுத்துகிறார்கள். 2015 அக்டோபரில் மெக்சிகோ அருகே உருவான பட்ரீசியா 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 195 கிலோமீட்டர் கூடுதல் வேகம் பெற்றது. அப்போது அதன் மேலே பதினெட்டுக் கிலோமீட்டர் உயரத்தில் பறந்த ஆய்வு விமானம் ஒன்று விழுகுழல்களை வரிசையாக இறக்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு வேகமாக வலுத்த ஒரு புயலின் உட்புறம் அத்தனை நெருக்கமாக அளக்கப்பட்டது ஆராய்ச்சிக்குக் கிடைத்த பெரும் பேறு.

பாதையைக் கணிப்பதும் வலுவைக் கணிப்பதும் ஒரே வகைக் கணக்கல்ல. புயல் எங்கே போகும் என்பதை அதைச் சுற்றியுள்ள ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரப்பின் காற்றோட்டம் தீர்மானிக்கிறது. அது பெரியது, செயற்கைக்கோளுக்கும் கணினிக்கும் பிடிபடுவது. எவ்வளவு வலுக்கும் என்பதோ சில பத்துக் கிலோமீட்டர் அகலமுள்ள நடுப்பகுதியில் தீர்மானமாகிறது. இடி மேகம் ஒன்று வெடித்தெழுவது காற்று மிக வேகமாக வீசும் வளையத்துக்கு உள்ளேயா, வெளியேயா என்பதே முக்கியம். அமெரிக்க விமானங்கள் ஆண்டாண்டாகத் திரட்டிய டாப்ளர் ரேடார் பதிவுகளை ஒப்பிட்டபோது, வலுத்துக்கொண்டிருந்த புயல்களில் இந்த மேக வெடிப்புகள் வளையத்துக்கு உள்ளே கூடுதலாக இருந்தன. உள்ளே வெளியாகும் வெப்பம் வெளியே சிதறாமல் சுழற்சியை இறுக்குகிறது. இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி வெடித்தால் அந்தப் பலன் இல்லை. இப்படிப்பட்ட நுணுக்கத்தை இரண்டு நாள் முன்பே சொல்வது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதோடு கடலுக்கு உள்ளேயும் ஒரு கதை இருக்கிறது. வங்கக்கடலுக்கே உரிய தன்மை அதில்தான் வெளிப்படுகிறது. பெரும்பாலான கடல்களில் புயல் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும். பலத்த காற்று மேல்நீரைக் கலக்கி, ஆழத்திலுள்ள குளிர்ந்த நீரை மேலே கொண்டுவந்துவிடும். தீனி குறையும், புயல் தளரும். வங்கக்கடலில் கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, ஐராவதி என்று பேராறுகள் வந்து சேர்கின்றன, பருவமழையும் கொட்டுகிறது. நன்னீர் எடை குறைந்தது. உப்புநீரின் மேல் மெல்லிய போர்வையாகப் பரவிவிடும். போர்வைக்குக் கீழே நீர் உப்பாக இருந்தாலும் வெதுவெதுப்பு மாறாத ஓர் இடையடுக்கு உண்டு. அதை உப்புத் தடுப்படுக்கு எனலாம். அதற்கும் கீழேதான் குளிர்நீர். புயல் எவ்வளவு கலக்கினாலும் உப்பின் எடை வேறுபாடு கலப்பைத் தடுக்கிறது. மீறிக் கலந்தாலும் முதலில் மேலே வருவது வெதுவெதுப்பான நீர்தான். புயலின் தீனி எளிதில் குறைவதில்லை.

கார்த்திக் பாலகுருவும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு உலகப் புயல்களை ஒப்பிட்டு, இத்தகைய தடுப்படுக்கின் மேல் போகும் புயல்கள் மற்றவற்றைவிட ஏறத்தாழ 50 சதவீதம் வேகமாக வலுக்கின்றன என்று காட்டியது. தென்மேற்குப் பருவமழை முடிந்து ஆற்றுநீர் நிறைந்திருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையே நம் புயல் பருவமும். இரண்டும் ஒன்றாக வருவது நம் கரைக்கு நல்லதல்ல.

கடலுக்கு அடியில் இப்படியோர் அடுக்கு இருப்பதை எப்படிக் கண்டார்கள்? சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் நங்கூரமிட்ட மிதவைகளை நிறுத்தியிருக்கிறது. மேலே காற்று, அழுத்தம், ஈரப்பதம்; கீழே கம்பியில் கோத்த உணரிகள் 500 மீட்டர் ஆழம் வரை வெப்பத்தையும் உப்பையும் அளக்கும். செய்தி செயற்கைக்கோள் வழியே கரைக்கு வரும். 2013 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பைலின் புயலைக் கடல்நடுவே இந்த மிதவைகள் பதிவு செய்தன. தனியே மிதக்கும் ஆர்கோ கருவிகள் இரண்டாயிரம் மீட்டர் ஆழம் வரை மூழ்கிப் பத்து நாளைக்கு ஒருமுறை எழுந்து அளவுகளை அனுப்புகின்றன. இந்திய, அமெரிக்க ஆய்வுக் கப்பல்கள் சேர்ந்து 2013 முதல் நடத்திய பயணங்களில் நன்னீர்ப் போர்வை சில மீட்டரே தடித்த அடுக்குகளாகப் பிரிந்திருப்பதைக் கண்டார்கள்.

மிதவைக்கு ஒரு விந்தையான தொல்லை உண்டு. அதன் நிழலில் மீன் சேரும். மீனைத் தேடி வரும் படகுகள் அதில் கயிற்றைக் கட்டும், உணரி உடையும். அடுத்த புயல் வரும்போது அந்த இடத்திலிருந்து செய்தி வராது. அந்த மீனவருக்கே அந்தச் செய்தி உயிர்காப்பு என்பதைக் கடலோர ஊர்களில் இன்னும் நிறையப் பேசியாக வேண்டும்.

2017-இல் ஒக்கி புயலின்போது நாம் பட்டது இதற்குச் சான்று. நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் முற்பகலிலேயே குமரிக் கடலில் புயலாகிவிட்டது. வழக்கமாகத் தாழ்வு மண்டலம் புயலாவதற்குள் கிடைக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் அதற்கு முன்பே புறப்பட்டுப் போயிருந்தார்கள். திரும்பாதவர்கள் பலர்.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு மட்டுமான ஆபத்தல்ல இது. தரைக்குள் வந்து காற்று தளர்ந்தாலும், சுமந்து வந்த ஈரம் அப்படியே இருக்கும். கொடைக்கானல் மலைச்சரிவில் முட்டி அது மேலெழும்போது கொட்டித் தீர்த்துவிடும். 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரையேறிய புயலும் கஜாவைப் போலவே உள்மாவட்டங்களைக் கடந்து கேரளக் கரைக்குப் போனது. தஞ்சாவூர், திருச்சி வரை மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. அந்த நவம்பர் வெள்ளத்தில்தான் நம் மாவட்டத்தில், வேடசந்தூர் பக்கத்திலுள்ள குடகனாறு அணையின் மண்கரை மேல் தண்ணீர் வழிந்து உடைந்தது. கரையில் எவ்வளவு வலுவோடு ஏறுகிறது என்பதைப் பொறுத்தே உள்ளே எவ்வளவு தூரம் புயலாகவே வரும் என்பதும் அமையும்.

இன்று நம்மிடம் இன்சாட் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. சென்னையிலும் காரைக்காலிலும் டாப்ளர் ரேடார்கள் இருக்கின்றன. ரேடார் கண்சுவரைத் தெளிவாகக் காட்டும், ஆனால் புயல் சில நூறு கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான். அதற்கு முன், நடுக்கடலில், புயலின் வலுவை மேக உருவத்தைக் கண்டு மதிப்பிடுகிறோம். 1970-களில் வெர்னன் டிவோராக் வகுத்த அந்த முறை உலகெங்கும் கைகொடுக்கிறது. ஆனாலும் அது மதிப்பீடே தவிர அளவீடல்ல. தொடக்கப் புள்ளியே ஊகமாக இருந்தால், அதன்மேல் ஓடும் கணினிக் கணிப்பு எவ்வளவு நுட்பமாக இருந்தும் பயன் குறைவு.

அட்லாண்டிக்கில் புயல் பருவம் முழுதும் விமானங்கள் பறக்கின்றன. 2021 செப்டம்பர் 30 அன்று ஆளில்லாப் பாய்மரக் கலம் ஒன்று சாம் என்ற சூறாவளியின் உள்ளிருந்தே படமும் அளவும் அனுப்பியது. வங்கக்கடலுக்கு அப்படி வழக்கமாகப் பறக்கும் விமானம் கிடையாது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 2008 முதல் அக்டோபர் 15 தொடங்கி நவம்பர் 30 வரை ஆண்டுதோறும் நடத்திவரும் வங்கக்கடல் புயல் திட்டத்தில் விமான ஆய்வும் ஒரு நோக்கமாக இருந்தது. அதை நிறைவேற்றும் நேரம் எப்போதோ வந்துவிட்டது என்பது என் உறுதியான கருத்து. செலவு பெரிதுதான், எஞ்சின் வலுவான விமானம், பயிற்சி பெற்ற விமானிகள், ஒரு முறை விட்டால் திரும்பாத விழுகுழல்கள் எல்லாம் வேண்டும். உலகத்தின் மொத்தப் புயல்களில் சிறு பங்கே இங்கே பிறந்தாலும், மனித உயிர்களை அதிகம் பலிகொண்ட புயல்களில் பெரும்பாலானவை இந்தக் கடலில்தான் எழுந்திருக்கின்றன. சென்னையிலோ விசாகப்பட்டினத்திலோ அந்த ஆறு வாரமும் ஒரு விமானம் ஆயத்தமாக நின்றால், கஜாவைப் போல நடுக்கடலில் தயங்கி நிற்கும் அடுத்த புயலின் நடு அடுக்கில் வறட்சி இருக்கிறதா, தூண் நிமிர்ந்து நிற்கிறதா, கீழே உப்புத் தடுப்படுக்கு எவ்வளவு தடிப்பு என்பதை அன்றைக்கே அளந்து கணினிக்குள் கொடுத்துவிடலாம்.